சுங்கை சிப்புட் அக்காவுக்கு: கேலரியில் கை வைக்காதீர்கள்

வணக்கம் அக்கா. போன் நிறைந்துவிட்டது, படங்கள் கூகள் போட்டோஸில் ஏறியிருக்கின்றன, ஆனால் அழித்தால் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்துப் படங்களும் போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். கூகள் போட்டோஸுக்குள் ஒரு படத்தைச் சாதாரணமாக அழித்தால் போனிலும் போகும், ஆன்லைனிலும் போகும். 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அப்புறம் திரும்பக் கிடைக்காது.

அதனால் கேலரியில் ஒவ்வொன்றாக அழிக்காமல், கூகள் போட்டோஸைத் திறந்து மேலே வலது மூலையில் உங்கள் முகப்படத்தைத் தொடுங்கள். பேக்கப், அதாவது படங்கள் ஆன்லைனில் ஏறுவது, முடிந்துவிட்டது என்று காட்டுகிறதா பாருங்கள். தோட்டத்தில் லைன் விட்டுவிட்டு வருவதால் பாதியில் நின்றிருக்கலாம். அப்படியானால் பட்டணத்தில் நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் முடித்துவிடுங்கள். சந்தேகம் தீர, மகனின் போனிலோ கணினியிலோ உங்கள் கணக்கில் நுழைந்து அப்பாவின் படங்களைத் திறந்து பாருங்கள். இதை மட்டும் தவிர்க்கவே வேண்டாம்.

சரி, எல்லாம் இருக்கிறதா? அதே முகப்படத்தைத் தொட்டு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். பேக்கப் ஆன படங்களின் போன் பிரதி மட்டும் நீங்கும்.

வாட்ஸ்அப் படங்கள் தனி ஃபோல்டர். பேக்கப் அமைப்பில் அதையும் இயக்கினால்தான் ஏறும். ஆனால் கூகள் தரும் இலவச இடம் 15 ஜிபிதான், ஜிமெயிலும் அதில்தான் அடக்கம். காலை வணக்க வீடியோக்களை முதலில் அழித்துவிடுங்கள்.