பெருந்தொற்றும் கர்மாவும் - ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

கொரோனால என் அண்ணன் போயிட்டான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். துக்கம் கேக்க வந்த பெரியவர் ஒருத்தர் "எல்லாம் பூர்வ ஜென்ம கர்மா"ன்னுட்டுப் போனார். கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர்னா இதை ஏன் விட்டார்? தத்துவத்துல பதில் இருக்கா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்க கேள்வி பழைய கிரேக்க தத்துவஞானி எபிக்யூரஸ் பேர்ல ரொம்ப காலமா சுத்திட்டிருக்கற கேள்விதான். இருக்கக்கூடிய உலகங்கள்லயே இதுதான் பெஸ்ட்னு ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1710ல கணக்கு முடிச்சார், 1755ல போர்ச்சுகல்ல ஆயிரக்கணக்கானவங்க செத்த லிஸ்பன் பூகம்பத்துக்கு அப்புறம் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதைக் கிழிச்சுத் தொங்கவிட்டார். தேடிப் படிச்சுக்கோங்க.

எனக்கு ஆத்திரம் அந்தப் பெரியவர் மேலதான். அவர் அப்படிச் சொன்னப்ப நீங்க என்ன, தலையாட்டிட்டு காபி குடுத்தீங்களா? கர்மா பேசறவங்களை கவனிச்சுப் பாருங்க, எல்லாருமே பொழச்சுக் கெடக்கறவங்க. செத்தவன் மேல பழியப் போட்டாதான் 'நமக்கு வராது'ன்னு நிம்மதியா தூங்க முடியும். இந்த புத்தி கர்மாவோட நிக்காது. 1349 பிப்ரவரில, இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கற ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ல, பிளேக் இன்னும் ஊருக்குள்ள வரவே இல்ல, அதுக்குள்ள யூதர்கள்தான் கிணத்துல விஷம் கலக்கறாங்கன்னு அவங்களை உயிரோட கொளுத்திட்டாங்க. அவங்களும்தானே பிளேக்ல சாகறாங்கன்னு போப் ஆறாம் கிளெமென்ட் முந்தின வருஷமே சொல்லியாச்சு, யார் கேட்டா?

நிஜத்துல நடந்தது என்ன தெரியுமா? எலிமேல இருக்கற தெள்ளுப்பூச்சியோட குடல்ல பிளேக் பாக்டீரியா அடைச்சுக்கும், குடிச்ச ரத்தம் உள்ள இறங்காது, பூச்சி பசில வெறிபிடிச்ச மாதிரி திரும்பத் திரும்பக் கடிக்கும், கடிச்ச இடத்துலயே கிருமியோட சேர்த்துக் கக்கும். அவ்வளவுதான். இதுல எவனோட போன ஜென்மம் வருது சொல்லுங்க?

அந்தப் பூச்சியப் படைச்சது யாருன்னு அடுத்து கேப்பீங்க. தாராளமா கேளுங்க, கடவுளோட சண்டையே போடுங்க, பைபிள்ல யோபு போட்டான். பிள்ளைங்க செத்து, உடம்பெல்லாம் புண்ணாகி சாம்பல்ல உக்காந்திருக்கறவன்கிட்ட, நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பேன்னு மூணு நண்பர்கள் பக்கம் பக்கமா விளக்கம் சொல்றாங்க. கடவுள் யோபுவையும் அதட்டத்தான் செய்றார், ஆனா கடைசில அவர் கோபம் மூண்டது அந்த மூணு பேர் மேல, அதுவும் அவங்களுக்காக யோபுவே பிரார்த்தனை பண்ணணும்னுட்டார். அந்தப் பெரியவர் மறுபடி வந்தா இதைச் சொல்லுங்க.

ஆமா, கடிதம் பூரா கடவுளைப் பத்தி எழுதிட்டு அண்ணனைப் பத்தி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க. அவர் எப்படிப்பட்ட ஆளு? அதை எழுதி அனுப்புங்க.