கொட்டகையில் கிடக்கும் துருவி

கேள்வி: கோவையில் பிறந்தவள் நான், டப்ளினில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் ஐரிஷ்காரர், லீட்ரிம் மாவட்டத்துக் கிராமம். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் விடுமுறைக்கு 76 வயதான என் மாமியார் ஊரிலிருந்து ரயிலில் வந்திருந்தார். அவரை அசத்த வேண்டும் என்று அவர்கள் ஊர் உருளைக்கிழங்குப் பண்டமான பாக்ஸ்டியை நானே செய்தேன். யூடியூப் பார்த்து, பச்சைக் கிழங்கை மிக்ஸியில் அரைத்து, தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டுக் கல்லில் சுட்டேன். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி வந்தது. மாமியார் இரண்டு வாய் சாப்பிட்டு, அருமை என்று சொல்லித் தட்டை நகர்த்திவிட்டார். இத்தனைக்கும் வயதானவரை வேலை வாங்கக் கூடாது என்று அடுப்படிப் பக்கமே விடாமல், டிவி முன் உட்கார வைத்துத் தாங்கினேன். பழைய செய்தித்தாளில் சுற்றி ஏதோ ஆணி ஓட்டை போட்ட தகரத் துருவி ஒன்றை வேறு கொண்டுவந்திருந்தார். 7 வயதும் 5 வயதுமாகக் குழந்தைகள் இருக்கும் வீடு, கையைக் கிழித்துக்கொள்வார்கள் என்று தோட்டத்துக் கொட்டகையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பிப்ரவரியில் புனித பிரிஜித் விடுமுறைக்கு மறுபடி வருகிறார். பாக்ஸ்டி சொதப்பாமல் வர வழி சொல்லுங்கள். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்றும் கவலையாக இருக்கிறது. கணவரைக் கேட்டால், "அம்மா அப்படித்தான், விடு" என்கிறார்.

- டப்ளின் வாசகி

பதில்: பாக்ஸ்டிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் துருவி.

'ஏதோ' என்கிறீர்கள், 'வேறு' கொண்டுவந்தாராம். 76 வயதுப் பெண்மணி ஒரு தகரத்தைத் தாளில் சுற்றி, லீட்ரிமிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் எடுத்து வருகிறார் என்றால் எதற்கு? டப்ளினில் துருவி விற்கவில்லையா? அவர் சமைக்க வந்தார் அம்மா. பையைத் திறந்தபோதே அதைச் சொல்லிவிட்டார். நீங்கள் துருவியைக் கொட்டகைக்கும் அவரை டிவி முன்னாலும் அனுப்பிவிட்டு, அவர் ஆயுசு முழுக்கச் செய்த பண்டத்தை முகம் தெரியாத யாரோ சொன்னபடி செய்து அவருக்கே பரிமாறியிருக்கிறீர்கள். இரண்டு வாய் சாப்பிட்டதே பெரிய மனசு.

லீட்ரிம், கேவன், ஃபெர்மனா பக்கங்களில் பாக்ஸ்டிக்கென்று துருவியை வீட்டிலேயே செய்துகொண்டவர்கள் உண்டு. தகர டப்பாவை வெட்டி விரித்து, ஆணியால் நெருக்கமாகத் துளை குத்தி, பிசிறு நிற்கும் பக்கம் மேலே வரும்படி பலகையில் அடித்துவிடுவார்கள். உங்கள் கொட்டகையில் இருக்கும் துருவியில் துளை குத்தியது யார்? உங்கள் மாமனாரா? மாமியாரின் அப்பாவா? நீங்கள் கேட்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த உங்கள் கணவரும் வாயைத் திறக்கவில்லை.

லீட்ரிமில் 1841-ல் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1845-ல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. 1851 கணக்கெடுப்பில் 1,12,000 பேர்தான் மிச்சம். செத்தவர்கள் போக, மற்றவர்கள் கப்பலேறிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியே போய்க்கொண்டேதான் இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுக்கவே சுமார் 35,000 பேர். உங்கள் கணவரும் அப்படிக் கிளம்பியவர்தான். பிள்ளை போய்விட்ட வீட்டில் தனியாக இருப்பவர், அந்தத் துருவியைத் தனக்குப் பிறகு யார் வைத்துக்கொள்வார்கள் என்று யோசிக்காமலா இருப்பார்? ஊருக்குத் திரும்பும்போது அதை அவர் கேட்கவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. உங்களிடம் கொடுக்கத்தான் கொண்டுவந்தார் என்று எனக்குப் படுகிறது.

வயதானவரை வேலை வாங்கக் கூடாது என்ற உங்கள் நல்லெண்ணத்தை நான் பாராட்டப் போவதில்லை. கைகால் திடமாக இருக்கும் பெரியவரை ஒரு வேலையும் செய்யவிடாமல் தாங்குவது, "நீங்கள் விருந்தாளி, இது என் வீடு" என்று மரியாதையாகச் சொல்வதுதான். உங்கள் பிரசவத்துக்கு அம்மா கோவையிலிருந்து வந்திருந்தால் பெட்டி நிறையப் பிரசவ மருந்தும் பெருங்காயமும் கொண்டுவந்திருப்பார். அதையெல்லாம் கொட்டகையிலா வைத்திருப்பீர்கள்? இரண்டாம் நாளே அடுப்படி அவர் கைக்குப் போயிருக்கும், நீங்களும் நிம்மதியாகப் படுத்திருப்பீர்கள். உங்களைப் பெற்றவருக்கு அடுப்படி, உங்கள் கணவரைப் பெற்றவருக்கு சோபாவா?

அதுவும் எந்த நாளில்! உங்கள் மாமியார் சிறுமியாக இருந்த காலத்தில் அக்டோபர் 31 கத்தோலிக்கர்களுக்கு இறைச்சி விலக்கிய நாள். மறுநாள் சகல புனிதர்கள் திருநாள். அன்று ராத்திரி வீடுகளில் கிழங்குதான். பாக்ஸ்டி சுடுவார்கள், இல்லையென்றால் முட்டைக்கோஸோ கேல் கீரையோ சேர்த்து மசித்த கோல்கானன். அந்த ராத்திரியில் அவரை டிவி பார்க்க வைத்திருக்கிறீர்கள்.

குழந்தைகள் கை கிழியும் என்பது சாக்கு. துருவைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய வைத்து, ஒரு துளி எண்ணெய் தடவினால் போயிற்று. 7 வயதுப் பிள்ளை பாட்டி பக்கத்தில் நின்று துருவட்டும், கிழங்கு சின்னதானதும் பாட்டி வாங்கிக்கொள்வார். விரல் லேசாகச் சிராய்த்தால் மருந்து போட வீட்டில் நர்ஸ் இருக்கிறார்.

சரி, பாக்ஸ்டி. தோசைக்கு அரைத்துப் பழகிய கை மிக்ஸியைத்தான் தேடும். ஆனால் அரைத்தால் கிழங்கு கூழாகி, மாவெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீரையும் நீங்கள் கொட்டிவிட்டீர்கள். பச்சைக் கிழங்கு கால் கிலோ துருவி, துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த கையோடு அதே அளவு வேகவைத்து மசித்த கிழங்கில் பிசைந்துவிட வேண்டும். காற்றுப்பட வைத்திருந்தால் கருத்துப் போகும். உங்கள் சாம்பல் நிறம் அப்படி வந்ததுதான். பிழிந்த தண்ணீரை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அந்த மாவையும் சேருங்கள். கால் கிலோ மைதா, உப்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, அடை மாவு பதம் வரும்வரை அங்கே கடையில் விற்கிற புளித்த மோர். கனமான கல்லில் வெண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். அவசரப்பட்டால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். கிழங்கு, ரூஸ்டர் அல்லது கெர்ஸ் பிங்க் ரகம் மாதிரி வெந்ததும் மாவாக உதிர்வதாக இருக்க வேண்டும். சாலட் கிழங்கு உதவாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதன்படி செய்யாதீர்கள் என்கிறேன். பாக்ஸ்டியைக் கல்லில் சுடும் வீடும் உண்டு. உருண்டையாக்கிக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து, மறுநாள் துண்டு போட்டு வெண்ணெயில் வறுக்கும் வீடும் உண்டு. ரொட்டி மாதிரி ஓவனில் சுடும் வீடும் உண்டு. உங்கள் மாமியார் வீட்டு வழக்கம் எது? அது தெரியாமல் என்னிடம் செய்முறை கேட்டு என்ன பயன்?

இன்னொன்று. பிரிஜித் நாளுக்கு 2023-லிருந்து அரசு விடுமுறை, பெரும்பாலும் பிப்ரவரி முதல் திங்கள். ஆனால் வீட்டுக் கொண்டாட்டம் ஜனவரி 31 ராத்திரி. கோரைப்புல்லில் சிலுவை பின்னி வாசலில் மாட்டிவிட்டு, கிழங்கும் வெண்ணெயுமாகச் சாப்பிடுவது அன்றுதான். விடுமுறைத் திங்களைப் பார்த்து அழைக்காதீர்கள். 31 மதியத்துக்குள் அவர் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

"அம்மா அப்படித்தான், விடு" என்று சொல்கிற மகன்களை எனக்குப் பிடிப்பதில்லை. தாய்க்கும் மனைவிக்கும் நடுவே நின்று இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்வது மகனுடைய கடமை. அதைத் தட்டிக் கழித்துவிட்டுப் பெரிய மனிதர் மாதிரி பேசுகிறார். துணியை முறுக்கிப் பிழிவது மணிக்கட்டு வலிக்கும் வேலை. இந்த முறை அதை அவரிடம் கொடுங்கள்.

மாமியாருக்கு உங்களைப் பிடிக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு ஒரு போன் போடுங்கள். கணவர் பேசக் கூடாது, நீங்களே பேச வேண்டும். துருவியைக் கொட்டகையில் வைத்ததைச் சொல்லிவிடுங்கள், மழுப்ப வேண்டாம். அப்புறம், எத்தனை கிலோ கிழங்கு வாங்கி வைக்கட்டும் என்று கேளுங்கள்.