முளைக்காத விதையும் கரிக்கும் தண்ணீரும்: கேள்வி பதில்

புரட்டாசி நெருங்குகிறது. எல்லோர் கையிலும் விதைப் பொட்டலம். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இன்று மதியம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், உச்சிப்புளிப் பக்கம் பன்னிரண்டு சென்ட் மணலில் இருபது வருஷமாகக் காய்கறி போடுகிறேன். ஆடியில் வேண்டாம், மழைக்குப் பின் ஐப்பசியில் விதையுங்கள் என்பதுதான் நான் எப்போதும் சொல்வது. எனக்குத் தெரிந்தது விதையும் நாற்றும்தான். மானியம், மாட்டு நோய், பூச்சி மருந்து கேட்டால் பதில் வராது.

தங்கச்சிமடத்திலிருந்து: அக்கா, மிளகாய் விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்துப் போட்டேன். பதினைந்து நாள் ஆச்சு, ஒன்றுகூட வரவில்லை. கடைக்காரர் பழைய விதையைத் தள்ளிவிட்டாரா?

எந்தத் தண்ணீரில் ஊறவைத்தீர்கள் தம்பி? போர்த் தண்ணீர் என்றால் கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

நானும் இப்படித்தான் ஒரு கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அதே பொட்டலத்தில் பாதியைப் பரமக்குடியில் இருக்கும் நாத்தனாருக்குக் கொடுத்திருந்தேன். அங்கே எட்டாம் நாள் கொத்தாக முளைத்து நின்றது. எனக்கு இங்கே தொட்டி வெறும் தொட்டி. விதை ஒன்று, மண் கலவை ஒன்று, தண்ணீர்தான் வேறு.

முளைப்பதற்கு முன் விதை செய்யும் முதல் வேலை தண்ணீர் குடிப்பது. வெளியே இருக்கும் தண்ணீரில் உப்பு ஏறினால் விதையால் அதை உள்ளே இழுக்க முடியாது. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் என்ன ஆகிறது? காய் தண்ணீரைக் குடிக்கிறதா, விடுகிறதா? அதே கதைதான். கொஞ்சமாகக் கரித்தால் முளைப்பு தள்ளிப்போகும், நன்றாகக் கரித்தால் நின்றே போகும். வளர்ந்த கத்தரிச் செடி அந்தத் தண்ணீரை ஓரளவு தாங்கிவிடும். முளைவிடும் விதையும் இரண்டு இலை நாற்றும் தாங்காது.

சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். பழைய வேட்டித் துணியில் இரண்டு துண்டு கிழித்து, ஒன்றைக் குடிதண்ணீரிலும் மற்றதைப் போர்த் தண்ணீரிலும் நனைத்துப் பிழியுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து விதை வைத்து மடித்து, தனித்தனி டப்பாவில் மூடி, அடுப்படியில் வையுங்கள். துணி காய்ந்தால் அதனதன் தண்ணீரையே தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் விதையின் ஓரத்தில் வெள்ளையாக, எறும்பு முட்டை அளவுக்கு வேர் எட்டிப் பார்க்கும். இரண்டு துணியிலும் எண்ணுங்கள். இரண்டிலும் பூஜ்யம் என்றால் அப்போது கடைக்காரரிடம் போகலாம், நானும் வருகிறேன். விதைக்கும் ஊறலுக்கும் ஆகும் தண்ணீர் ஒரு சொம்புதான். தள்ளுவண்டியில் கொண்டுவரும் குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்தால் குடும்பம் தாகத்தில் சாகாது.

கீழக்கரையிலிருந்து: எந்த விதையை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று மொத்தமாகச் சொல்லிவிடுங்களேன்.

சரி காக்கா (கீழக்கரைப் பேச்சில் அண்ணன்), மொத்தமாக. பாகல், பீர்க்கு, புடலைக்குத் தோல் தடிப்பு. நகவெட்டியால் விளிம்பை லேசாகக் கிள்ளி (முளைக்கும் கூர்முனைப் பக்கம் வேண்டாம்) ஒரு பகல் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். வெண்டைக்கு ஒரு ராத்திரி. மிளகாய், கத்தரிக்கும் ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம். தக்காளி, கீரைக்கு ஊறலே தேவையில்லை. அவரை, பீன்ஸை நான் ஊறவைப்பதில்லை, ஊதிப்போய்ப் பிளந்துவிடுகிறது. கொத்தமல்லி ஒரு காய்க்குள் இரண்டு விதை. பலகையில் பரப்பித் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

ஊறவைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். விதையும் மூச்சு விடுகிறது. தண்ணீருக்குள் இரண்டு நாள் கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். மோந்து பார்த்தால் தெரியும், புளித்த வாடை வரும்.

மண்டபத்திலிருந்து: தண்ணீரில் போட்டால் மிதக்கும் விதை எல்லாம் பொக்குதானே?

எல்லாம் அல்ல. மிளகாய், தக்காளி விதை தட்டையாக, லேசாக இருக்கும். நல்ல விதையும் கொஞ்ச நேரம் மிதக்கும். விரலால் அமுக்கிவிட்டு, காலையில் பாருங்கள். அப்போதும் மிதப்பதைத் துணியில் போட்டுச் சோதித்துவிட்டு எறியுங்கள்.

திருப்புல்லாணியிலிருந்து: உப்புத் தண்ணீர் ஆகாது என்கிறீர்கள். எங்கள் அப்பா நெல் விதையை உப்புக் கரைசலில்தான் போடுவார், முட்டையைக் கூட மிதக்கவிடுவார். அது எப்படி?

நல்ல கேள்வி. உங்கள் அப்பா ஊறவைக்கவில்லை, பொறுக்கியிருக்கிறார். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, புது முட்டை மிதந்து அதன் மேல்பக்கம் நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். (2011-க்குப் பிறகு நாலணாவுக்கு எங்கே போவது? கட்டைவிரல் நகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையாகத் திரண்ட மணியும் மிதக்கும், திரண்ட மணி அடியில் தங்கும். சில நிமிஷ வேலை. உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவிவிடுவார்கள். கழுவுவதை மறந்தால் வினைதான். நெல்லுக்கு மட்டும், காய்கறி விதைக்கு இதைச் செய்யாதீர்கள்.

பெரியபட்டினத்திலிருந்து: தென்னை நார்க்கழிவில் நாற்று விடலாமா? எங்கள் ஊரில் சும்மாவே கிடைக்கிறது.

விடலாம், கழுவிவிட்டு. உப்பங்கழியில் ஊறிய மட்டையின் தூள் உப்பைக் குடித்திருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள். கடைசியாகப் பிழிந்த நீர் நுனிநாக்கில் கரிக்கக் கூடாது. கடற்கரை மணலுக்கும் அதே எச்சரிக்கை.

ராமேஸ்வரத்திலிருந்து: பொட்டலத்தில் விதை ரோஸ் கலரில் இருக்கிறது. ஊறவைத்தால் தண்ணீரே சிவக்கிறது. கழுவிப் போடலாமா? பிள்ளைகள் ஆசையாக விதைக்கிறார்கள்.

பிள்ளைகள் கையிலிருந்து முதலில் வாங்குங்கள் தங்கச்சி. அது பூஞ்சாண மருந்து தடவிய விதை, மருந்து என்று தெரியத்தான் சாயம். ஊறவைக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், அப்படியே மண்ணில் போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்சத்தைக் கோழிக்கு எறியாதீர்கள். பிள்ளைகளுக்கு வெந்தயம் கொடுங்கள், மூன்று நாளில் முளைத்து அவர்களையும் சந்தோஷப்படுத்தும்.

ராமநாதபுரம் டவுனிலிருந்து: எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பெரியவர்கள் சொன்னதை விட்டுவிட்டு மழைக்குப் பின், ஐப்பசி என்கிறீர்கள். பெரியவர்கள் சொன்னது பொய்யா?

பெரியவர்கள்தான் ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்றும் சொன்னார்கள். அம்மி பறக்கும் காற்றில் உங்கள் கீரை விதை எங்கே நிற்கும்?

அண்ணே, உங்கள் ஊரில் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். எங்களுக்கு ஆடியில் ஓடுவது புழுதி. இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை.

அவரே மறுபடியும்: தண்ணீர் ஊற்றினால் எந்த மாதமும் முளைக்கும். மாடியில் தொட்டி வைத்தவருக்கு என்ன பட்டம்?

மாடித் தொட்டிக்கு நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். குடிதண்ணீர் ஊற்றி, பச்சை வலை கட்டி ஆடியிலும் விதையுங்கள். நான் பேசுவது தரையைப் பற்றி.

எங்கள் பக்கத்துத் தரையில் ஆடி, ஆவணி மாதம் காலையில் குனிந்து பாருங்கள். மண் மேலே மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் பூத்திருக்கும். காற்றும் வெயிலும் அடிமண் ஈரத்தை மேலே இழுக்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போகும், அதோடு வந்த உப்பு மேலேயே தங்கும். மிளகாய் விதையை எவ்வளவு ஆழத்தில் போடுகிறோம்? அரை அங்குலம். கீரையை மண்ணோடு கீறிவிடுவதோடு சரி. மொத்த நிலத்திலும் உப்பு கூடுதலாக இருக்கும் அந்த அரை அங்குலத்தில்தான் விதையைக் கொண்டுபோய் வைக்கிறோம். நாலு நல்ல மழை பெய்தால் உப்பு கரைந்து கீழே இறங்கும். அதனால்தான் மழைக்குப் பின் என்கிறேன். நாள் நட்சத்திரம் எதுவும் இல்லை.

பரமக்குடியிலிருந்து: மதினி, எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் இளநீர் மாதிரி. நாங்கள் ஆடியில் போட்டு அள்ளுகிறோம்.

அள்ளுங்கள். வைகை ஓரத்தில் இருந்துகொண்டு கடற்கரைக்காரியிடம் பெருமை பேசாமல் ஒரு குடம் அனுப்புங்கள்.

தொண்டியிலிருந்து: மழைக்குப் பின் என்கிறீர்கள். நம் மாவட்டத்தில் நெல்லை மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கிறார்களே? நம் ஊர் உருண்டை மிளகாய், அந்த முண்டு மிளகாயையும் புரட்டாசியிலேயே தூவுகிறார்கள்.

மாட்டிவிட்டீர்கள். இருங்கள், சொல்கிறேன்.

புழுதியில் கிடக்கும் விதை தூங்குகிறது. அதை எழுப்பும் மழையே உப்பையும் கீழே தள்ளிவிடும். மழை சேர்ந்தாற்போல் பெய்தால் அது கெட்டிக்காரத்தனம், ஈரத்தில் ஒரு நாள்கூட வீணாகாது. பொய் மழை ஒன்று பெய்து முளையை எழுப்பிவிட்டு, பத்து நாள் காற்று அடித்தால் எழுந்தது அத்தனையும் கருகும். ஏக்கர் கணக்கில் போடுபவர் அந்தச் சூதாட்டத்தை ஆடித்தான் ஆக வேண்டும். அவர்களுக்கு ஒரு கைவேலை உண்டு: நெல் விதையை 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய பதத்துக்குக் காயவைத்து விதைப்பது. இது வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். முண்டு மிளகாய்க்காரர்கள் சொந்த விதையைக் கைநிறைய வைத்திருக்கிறார்கள், கூடுதலாகத் தூவிப் பிறகு நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கிவிடுகிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது, அவர்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் முப்பது விதை வைத்திருக்கும் நீங்களும் நானும் ஆடுகிற ஆட்டம் அல்ல.

தஞ்சாவூர்க்காரர்: அப்படியானால் பழமொழியை மாற்றி எழுதுங்கள்.

பழமொழியில் ‘தேடி’ என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பட்டத்தை நீங்கள் தேடினீர்கள், எங்கள் பட்டத்தை நாங்கள் தேடுகிறோம். போதும் அண்ணே, பின்னால் வரிசை நிற்கிறது.

ஏர்வாடியிலிருந்து: கத்தரி போட்டு மூன்று நாள் ஆச்சு, முளைக்கவில்லை.

ஏழு முதல் பத்து நாள். கிளறிப் பார்க்காதீர்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: மிளகாய் போட்டு நாலு நாள் ஆச்சு.

மேலே உள்ள பதில். மிளகாய்க்கு இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடியிலிருந்து: பீஜாமிர்தம், பஞ்சகவ்யா, சூடோமோனாஸ், எதில் விதை நேர்த்தி செய்வது?

வீட்டில் மாடு இருந்தால் பீஜாமிர்தம் (சாணி, கோமியம், சுண்ணாம்பு கரைத்தது), இல்லையென்றால் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்). சூடோமோனாஸ் கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு. ஆறிய வடிகஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் காயவைத்தால் முடிந்தது. நாற்று அடித்தண்டு கருத்துச் சாயும் அழுகலைக் குறைக்கும். கஞ்சியில் உப்புப் போட்டுவிடாதீர்கள், ஒருவர் போட்டார்.

உப்பூரிலிருந்து: வேப்ப விதை போன வருஷம் பொறுக்கி வைத்தது. இப்போது போடலாமா?

வேம்பு அவ்வளவு நாள் தாங்காது. பழுத்து விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் சதையைக் கழுவிப் போட வேண்டும். அடுத்த ஆனி, ஆடி வரை பொறுங்கள்.

பாம்பனிலிருந்து: வீட்டு விதையை பாட்டிலில் வைத்தால் அடுத்த வருஷம் பூஞ்சை பிடித்துவிடுகிறது.

நம் காற்றில் காகிதப் பொட்டலம் வடகம்போல் நமத்துப்போகும். விதையை நிழலில் நன்றாகக் காயவையுங்கள், கடித்தால் நசுங்காமல் உடைய வேண்டும். பிறகு சலித்த விறகுச் சாம்பலோடு கலந்து, காய்ந்த பாட்டிலில் இறுக மூடுங்கள். விதை ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். பூசணி, சுரை விதையைப் பாட்டி சாணியில் அப்பிச் சுவரில் அடித்து வைத்தாளே, அதுவும் நல்ல வழிதான், சுவர் இருந்தால்.

கமுதியிலிருந்து: எங்கள் கிணற்றுத் தண்ணீர் விதைக்கு ஆகுமா?

இங்கிருந்து எனக்கு எப்படித் தெரியும்? வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவரை இரண்டு துணிச் சோதனை.

வாலிநோக்கத்திலிருந்து: விதை ஊறவைத்துப் போட்டேன், முளைக்கவில்லை. என்ன காரணம்?

என்ன விதை? என்ன தண்ணீர்? எத்தனை நாள் ஆச்சு?