எரிச்சலும் மனச்சோர்வாக இருக்கலாம்

கேள்வி: 14 வயது மகள் மூன்று வாரமாக எல்லோர் மீதும் எரிந்து விழுகிறாள். ஆசையாகப் படம் வரைவாள், அதையும் விட்டுவிட்டாள். வயதுக்கோளாறுதானே?

பதில்: வயதுக்கோளாறு என்றால் இன்று கதவைச் சாத்திக்கொள்வாள், நாளை தோழியோடு சிரிப்பாள். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள் நீடித்து, பிடித்ததும் பிடிக்காமல் போனால் மனச்சோர்வா என்று பார்த்தாக வேண்டும். இந்த வயதில் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரலாம். பெற்றோர் தவறவிடுவது இங்கேதான். மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ இந்த வாரமே காட்டுங்கள். வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுவதாக அமெரிக்காவில் 2005-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது.

வீட்டில் முதலில் தூக்கம்: 8 முதல் 10 மணி நேரம். பருவ வயதில் உடல் கடிகாரம் பின்தள்ளிப்போவதால் சீக்கிரம் படு என்று அதட்டிப் பயனில்லை. எழும் நேரத்தை நிலையாக்குங்கள், விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. வரைய மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தினம் பத்து நிமிடம், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் முடியாமல் போய்க் குற்றவுணர்வுதான் கூடும்.

‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.