சிறு படகுக்கு ஏற்ற குளிர்பெட்டி

கேள்வி: எங்கள் சிறிய பாய்மரப் படகில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது. அதில் இயங்கும் குளிர்பெட்டியை எப்படித் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது?

பதில்: விலை மலிவு என்பதற்காகப் பெல்டியர் வகைப் பெட்டியை (கம்ப்ரசர் இல்லாமல், மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும் தகட்டால் இயங்குவது) வாங்கிவிடாதீர்கள், அது வெளிவெப்பத்தைவிடச் சுமார் 20 டிகிரிதான் குறைக்கும், அதற்கும் இடைவிடாமல் மின்சாரம் கேட்கும். 12 வோல்ட் கம்ப்ரசர் கொண்ட, மேல்புறம் திறக்கும் 40 லிட்டர் பெட்டியே உங்களுக்குப் பொருந்தும். முன்புறக் கதவுள்ள பெட்டியைத் திறந்தால், கனமான குளிர்காற்று அப்படியே காலடியில் கொட்டிவிடும்.

ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரசர் மணிக்கு 20 நிமிடம் ஓடினால், நாளொன்றுக்கு 32 ஆம்பியர்-மணி செலவாகும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், உங்கள் கையிருப்பு 50 ஆம்பியர்-மணி மட்டுமே, அதாவது ஒன்றரை நாளுக்குத்தான் வரும். 100 வாட் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயிலில் அன்றாடச் செலவின் பெரும்பகுதியை ஈடுகட்டும்.

பலரும் சறுக்குவது வயரில்தான். மெல்லிய வயர் நீளமாகச் சென்றால், பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தும், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதன் முனையில் மின்னழுத்தம் சரிந்து, பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்திவிடும். பாவம், பழி பெட்டியின் மேல் விழும். ஆகவே பேட்டரியிலிருந்து தனியாக, வெள்ளீயம் பூசிய தடித்த செம்பு வயரை இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். வெப்பம் வெளியேறும் பகுதியை அடைத்துவிடாமல், கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி விடுங்கள். எஞ்சின் அறைச் சுவரை ஒட்டி வைக்கவே கூடாது.