ருவாண்டா: அட்டையும் அரிவாளும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ருவாண்டா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இனப்படுகொலையின் வேர் பெல்ஜியக் காலனி ஆட்சியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது 1962-ல். ஹுட்டு இனத்தவர் டுட்சி இனத்தவரைக் கொன்று குவித்தது 1994-ல். 32 வருடம் கழித்தும் வெள்ளைக்காரனையே குற்றம் சொல்ல வேண்டுமா? அரிவாள் பிடித்தது உள்ளூர்க் கைதானே? ஹுட்டுவும் டுட்சியும் பரம்பரைப் பகையாளிகள் என்றுதான் நான் படித்திருக்கிறேன். அப்புறம், இன்றைய தலைநகர் கிகாலி ஆப்பிரிக்காவிலேயே சுத்தமான, பாதுகாப்பான நகரம் என்கிறார்கள். அதைப் பாராட்டி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே, ஏன்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உள்ளூர்க் கைதான். அதில் நமக்குள் சண்டை இல்லை. பரம்பரைப் பகை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரு தரப்பும் பேசுவது ஒரே கின்யர்வாண்டா மொழி. வாழ்ந்தது ஒரே குன்றில், அடுத்தடுத்த வீடுகளில். குலப் பெயர்கள்கூடப் பொதுவானவை. மாட்டு மந்தையும் அரசவைச் செல்வாக்கும் உள்ளவர்கள் டுட்சி, மண்ணைக் கொத்திப் பிழைத்தவர்கள் ஹுட்டு என்று தோராயமாகச் சொல்லலாம். பெல்ஜியர்கள் வருவதற்கு முன்னால் அங்கே பாலாறும் தேனாறும் ஓடியது என்று சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ருவாபுகிரி மன்னர் காலத்திலேயே ஹுட்டுகள் மீது மட்டும் கட்டாய ஊழியம் சுமத்தப்பட்டது. மேல் கீழ் இருந்தது, கசப்பும் இருந்தது. ஆனாலும் மாடு சேர்த்த ஒரு ஹுட்டுக் குடும்பம் ஓரிரு தலைமுறையில் டுட்சியாக முடிந்தது. அந்தக் கதவு திறந்தே இருந்தது.

அதைச் சாத்தியவர்கள் பெல்ஜியர்கள். டுட்சிகள் எத்தியோப்பியப் பக்கமிருந்து வந்தவர்கள், ஆளப் பிறந்தவர்கள் என்ற கற்பனையை ஜான் ஸ்பீக் என்ற ஆங்கிலப் பயணி 1863-லேயே கிளப்பிவிட்டிருந்தார். முதலில் அங்கே ஆண்ட ஜெர்மானியர்களும் பாதிரியார்களும் அதை நம்பினார்கள். 1916-ல் நாட்டைப் பிடித்த பெல்ஜியர்கள் அதை நிர்வாகமாக்கினார்கள். பதவியில் இருந்த ஹுட்டுத் தலைவர்களை நீக்கி டுட்சிகளை வைத்தார்கள். ஒத்துவராத முசிங்கா மன்னரை 1931-ல் இறக்கிவிட்டு மகனை அமர்த்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆளாளுக்கு அடையாள அட்டை வந்தது. ஹுட்டு, டுட்சி, துவா (மூன்றாவது, மிகச் சிறிய பிரிவு), மூன்றில் ஒன்று. அப்பாவின் அட்டையில் இருப்பதே பிள்ளைக்கும்.

1950-களில் படித்த டுட்சிகள் சுதந்திரம் கேட்க ஆரம்பித்ததும் பெல்ஜியமும் திருச்சபையும் அப்படியே கட்சி மாறின. 1959 கலவரத்தின்போது பெல்ஜியக் கர்னல் லோஜிஸ்ட் டுட்சி அதிகாரிகளை நீக்கி ஹுட்டுகளை நியமித்தார். ஆயிரக்கணக்கான டுட்சிகள் அகதிகளாக ஓடினார்கள். அவர்களின் பிள்ளைகள்தான் 1990-ல் உகாண்டாவிலிருந்து துப்பாக்கியோடு திரும்பியவர்கள்.

இப்போது உங்கள் 32 வருடக் கேள்விக்கு வருகிறேன். 1957-ல் ஹுட்டுத் தலைவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியான கயிபாண்டாவும் அதில் ஒருவர். அடையாள அட்டையிலிருந்து இனப் பெயரை எடுக்கக் கூடாது என்று அந்த அறிக்கை கேட்டது! எடுத்துவிட்டால் யாருக்கு எவ்வளவு இடம் போகிறது என்பதை நிரூபிக்க முடியாதே என்பது அவர்கள் கவலை. ஒதுக்கப்பட்டவர்களின் கவலை என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆட்சி கைக்கு வந்த பிறகும் கயிபாண்டா அட்டையை விடவில்லை. 1973-ல் அவரைக் கவிழ்த்து ஜனாதிபதியான ஹபியாரிமானாவும் விடவில்லை. பள்ளியிலும் அரசு வேலையிலும் டுட்சிகளைக் கட்டுப்படுத்த அது வசதியாக இருந்தது. 1994-ல் சாலைத் தடுப்புகளில் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். ஆகவே பழியில் பெல்ஜியத்தின் பங்கு பெரியது, முழுப் பங்கு அல்ல. பிந்தைய 32 ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பெல்ஜியத்தைப் பிடிப்பது, இவர்களைத் தப்பவிடுவதாகும்.

பகை பொங்கி வழிந்தது என்கிறீர்கள். அப்படியானால் புட்டாரேயில் ஏன் இரண்டு வாரம் பொங்கவில்லை? ஏப்ரல் 6 இரவு ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் இறந்தார். மறுநாளே கிகாலியில் கொலைகள் பெருகின. தெற்கே புட்டாரே மாகாணத்தில் டுட்சிகள் அதிகம், கலப்புத் திருமணமும் அதிகம். அதன் ஆளுநர் ழான்-பாப்திஸ்த் ஹபியாலிமானா (ஜனாதிபதிக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்) நாட்டிலேயே ஒரே டுட்சி ஆளுநர். அவர் இருந்தவரை மாகாணத்தின் பெரும்பகுதி அமைதியாக இருந்தது. அரசு அவரைப் பதவிநீக்கம் செய்தது. ஏப்ரல் 19 அன்று இடைக்கால ஜனாதிபதி சிந்திகுப்வாபோ நேரில் வந்து, புதிய ஆளுநர் பதவியேற்ற கூட்டத்தில் 'வேலை'யில் (கொலைக்கு அப்போது வைத்திருந்த பெயர்) இறங்காதவர்களைக் கண்டித்துப் பேசினார். அதன்பின் அங்கே நடந்தது நாட்டின் மிகக் கொடிய படுகொலைகளில் ஒன்று. அந்த ஆளுநரையும் கொன்றுவிட்டார்கள்.

தாபா என்ற ஊரின் நிர்வாகி அகயேசு இதற்கு நேர்மாறு. ஆசிரியராக இருந்தவர். முதல் நாட்களில் கொலையைத் தடுத்தார். ஏப்ரல் 18 அன்று அரசுத் தலைவர்களின் கூட்டத்துக்குப் போய்வந்ததும் ஆளே மாறிவிட்டார். 1998-ல் தான்சானியாவின் அருஷாவிலிருந்த சர்வதேசத் தீர்ப்பாயம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சர்வதேச நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக்காக ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் முறை. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் பகுதியாகலாம் என்று சொன்ன தீர்ப்பும் அதுதான். சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை (அரசுக் கணக்கு பத்து லட்சத்துக்கும் மேல்) கொல்லப்பட்டதற்கு இப்படி மேலிருந்து குன்றுவரை உத்தரவு இறங்கியதே காரணம். வழக்கமாக வரியும் ஊழியமும் கேட்டு இறங்கும் அதே வரிசைதான்.

பிறகு சிறைகள் நிரம்பின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வழக்கமான நீதிமன்றங்களில் விசாரிக்க நூறு வருடம் போதாது என்றார்கள். எனவே கச்சாச்சா எனப்படும் ஊர்மன்றங்கள் வந்தன. ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே நீதிபதிகள், வக்கீல் கிடையாது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். 2012-ல் மூடப்படும் வரை ஏறத்தாழ 20 லட்சம் வழக்குகள். பொய்ப் புகார்கள் வந்தன, சாட்சிகளைக் கொன்றதும் உண்டு. இருந்தும் பல குடும்பங்களுக்குத் தங்கள் பிணங்கள் எங்கே கிடக்கின்றன என்பதாவது அங்குதான் தெரிந்தது. வேறு வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வென்ற ஆர்.பி.எஃப். படை (உகாண்டாவிலிருந்து திரும்பிய அந்த டுட்சிகளின் படை) செய்த கொலைகள் அந்த மன்றங்களுக்கு வரவே இல்லை.

சரி, கிகாலி. நகரம் சுத்தம்தான். அட்டையில் இனப் பெயர் இல்லை. நாடாளுமன்றத்தில் பெண்களே பெரும்பான்மை. மூன்றையும் பாராட்டுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அதே நாட்டில் 2024 தேர்தலில் ஜனாதிபதி ககாமே வாங்கியது 99 சதவீத வாக்கு. கொல்லப்பட்ட ஹுட்டுகளையும் நினைவுகூர வேண்டும் என்று 2010-ல் பேசிய எதிர்க்கட்சித் தலைவி விக்துவார் இங்காபிரே பல ஆண்டு சிறையில் இருந்தார். எல்லைக்கு அப்பால் காங்கோ இன்னும் எரிகிறது. 2025 ஜனவரியில் அங்கே கோமா நகரைப் பிடித்த எம்23 கிளர்ச்சிப் படைக்கு ருவாண்டா ராணுவம் துணை நிற்கிறது என்கிறார்கள் ஐ.நா. நிபுணர்கள். கிகாலி மறுக்கிறது. 1996-க்குப் பிறகு காங்கோவில் ஹுட்டு அகதிகளுக்கு நடந்ததைப் பற்றி ஐ.நா. 2010-ல் வெளியிட்ட நீண்ட அறிக்கை இணையத்தில் கிடைக்கும். படித்துவிட்டு கிகாலி பற்றி மறுபடி எழுதுங்கள்.