எகனாமிக், எகனாமிக்கல்: ஒன்றுக்கு மற்றொன்றைப் போடலாமா?

ஆங்கில அகராதியில் அடுத்தடுத்து இருந்தாலும் இவற்றை மாற்றிப் போடக் கூடாது. எகனாமிக் என்பது பொருளாதாரம் சார்ந்தது: எகனாமிக் பாலிசி, எகனாமிக் கிரைசிஸ். எகனாமிக்கல் என்பது சிக்கனமானது. ஒரு லிட்டரில் அதிக தூரம் ஓடும் கார் எகனாமிக்கல்.

‘எகனாமிக்கல் கிரைசிஸ்’ என்று பலர் எழுதுகிறார்கள். கெமிக்கல், மெடிக்கல் என்று பழகிய நாக்கு இங்கும் ‘கல்’ சேர்த்துவிடுகிறது. ஆனால் பொருள் ‘சிக்கனமான நெருக்கடி’ ஆகிவிடும்!

உண்மையான சிக்கல் வினையடையில்தான். இரண்டுக்கும் எகனாமிக்கலி ஒன்றே. ‘எகனாமிக்கலி வீக்கர் செக்‌ஷன்’ என்றால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. ‘யூஸ் வாட்டர் எகனாமிக்கலி’ என்றால் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்து. பக்கத்துச் சொல்லைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

அடுத்து வரும் எகனாமிக்ஸ், பாடப்பெயராகும்போது ஒருமை. ‘இஸ்’ போடுங்கள், ‘ஆர்’ வேண்டாம்.